பிறந்த வீட்டுப் புடவை

அத்தியாயம் 14

ஊரை விட்டுப் போவது சுலபம். ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போவதுதான் உயிரை வாங்குகிறது. பிரபாவதி ஒரு வாரமாக இந்த வேலையில்தான் இருக்கிறாள். ஒரு வீடு, ஒரு டம்ளர் காபி, ஒரு தட்டு கேசரி, கிளம்பும்போது ஒரு பொட்டலம். மலேசியாவில் ஒன்றுவிட்ட சித்தப்பா மகளாவது இல்லாத குடும்பம் செங்கல்பட்டு வட்டாரத்தில் இல்லை போலிருக்கிறது.

போன வாரம் சம்பத் தன் மோட்டார் காயில் கட்டும் கடையைப் பூட்டி, வாங்கினவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டின கடை வாசலிலேயே வெகுநேரம் நின்றதைப் பார்த்தோம். நிற்காமல் என்ன செய்வார் மனுஷன்? அவர் பிறந்தது இங்கேதான். சின்ன வயசில் அப்பாவோடு மலாயா போய், கிள்ளானில் வளர்ந்து, கல்யாணம் கட்டி, வேலை போனதும் நாலு வருஷத்துக்கு முன் திரும்பி வந்தவர்.

பிரபாவதி அப்படியில்லை. கிள்ளானில் பிறந்தவள். புருஷனுக்கு எது ஊரோ அது அவளுக்கு வெளிநாடு. நாலு வருஷமும் மனசுக்குள் மூட்டை கட்டியே வைத்திருந்தாள். இப்போது மகன் ராஜாராம் அங்கிருந்து கூப்பிட்டுவிட்டான். மருமகளுக்கு இது மாசம். முதல் பேரப்பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும் என்று இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து பினாங்குக்குக் கப்பல். அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் அடுத்த மாசம்தான். பிரபாவதிக்கு நாட்டுக்குள் நுழைய அதனால் தடையில்லை. அவள் அந்த நாட்டுப் பிரஜை, நீல அட்டைக்காரி, எப்போது வேண்டுமானாலும் போகலாம். சம்பத்திடம் இருப்பது பிரஜையாகாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டை. திரும்பி நுழைய அவருக்குப் பெர்மிட் வேண்டும். மகன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து நீட்டி வைத்திருக்கும் அந்தப் பெர்மிட் இந்த மாசக் கடைசியோடு முடிகிறது. இந்தக் கப்பலை விட்டால் அவர் அங்கே போகவே முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் கல்பாக்கம் பஸ் ஏறினார்கள். எமர்ஜென்சி வந்த பிறகு பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வருகிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸுக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை. வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தபோது பிரபாவதிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"இன்னிக்கு ரெண்டு வீடு," என்றார் சம்பத். "உலகநாதன் வீடு, அப்புறம் வச்சலா வீடு. அதோட முடிஞ்சுது."

"வச்சலா வீட்டுக்கு முதல்லயே போயிருக்கணும். கடைசில வெச்சீங்க."

"நானா வெச்சேன்?"

இரண்டு பேருமாகத்தான் வைத்தார்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கும் இடத்தைக் கடைசிக்குத் தள்ளுவது மனுஷ சுபாவம். வச்சலாவுக்கு இவர்கள் கப்பலேறுவது தெரியாது. கடையை விற்றது தெரியாது. பத்து நாளாக அவள் மீன் கூடையோடு செங்கல்பட்டுப் பக்கமே வரவில்லை. வராததும் நல்லதுக்குத்தான் என்று இரண்டு பேரும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்கள். நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டார்கள்.

பிரபாவதியின் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு, வாழையிலையில் கட்டிய மல்லிகைப்பூ, அடியில் ஒரு காஞ்சிபுரம் பட்டு. அரக்குக் கலர், மாம்பழ பார்டர். வச்சலாவுக்காக வாங்கியது. 'பழம், பூவோட புடவையை வெச்சுக் குடுத்துட்டு, அப்புறமா சொல்லிடலாம்' என்று வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

கல்பாக்கத்தில் உலகநாதன் குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடி. அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். ஊர் கோயமுத்தூர்ப் பக்கம். அவருடைய பழைய டேபிள் ஃபேனுக்கு சம்பத் காயில் கட்டிக் கொடுத்ததில் ஆரம்பித்த சிநேகம். அவர் மனைவி வரலட்சுமி கதவைத் திறக்கும்போதே ஊறுகாய் ஜாடியோடு நின்றாள்.

"வாங்க வாங்க. சிரம்பான்ல எங்க பெரியம்மா பொண்ணு இருக்காளுங்க. நார்த்தங்கா ஊறுகான்னா உசுர விடுவா. இத மட்டும் சேத்துட்டீங்கன்னா போதுங்க."

"எங்க ஊர்ல இருந்து சிரம்பான் ரொம்ப தூரம்க்கா," என்றாள் பிரபாவதி.

"கப்பல்லயே அவ்வளவு தூரம் போறீங்க. அங்க பஸ்ஸுல போறதுக்கு என்னங்க?"

பிரபாவதி ஜாடியை வாங்கிக்கொண்டாள். இட்லி சாப்பிட்டார்கள். மறுபடி சாப்பிட்டார்கள். உலகநாதன் சம்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இது ரிப்பேர் ஆனா யாருகிட்டங்க போறது?" என்றார் கடைசியில்.

"ஆகாது. நல்ல ஒயரு போட்டிருக்கேன்," என்றார் சம்பத். சொல்லிக்கொண்டே ஃபேனை ஒரு தரம் போட்டு அணைத்துப் பார்த்தார்.

படி இறங்கும்போது பிரபாவதி, "உங்களுக்குப் போக மனசில்லை, அதானே?" என்று கேட்டாள்.

"டிக்கெட்டு எடுத்தாச்சு."

"நான் டிக்கெட்டைக் கேக்கல."

சம்பத் ஊறுகாய் ஜாடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

மகாபலிபுரத்துக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பிரபாவதி கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வரவில்லை, வச்சலாதான் வந்தாள்.

வந்த புதிதில் பிரபாவதிக்குச் செங்கல்பட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அவள் பேசும் தமிழைக் கேட்டுத் தெருவே சிரிக்கும். 'பசியாறியாச்சா?' என்று கேட்டால், 'இன்னாது?' என்பார்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஏன், நல்லாத்தான பேசுது. உங்க பேச்சு மட்டும் இன்னா தேன் சொட்டுதா?" என்று தெருவையே அடக்கியவள் வச்சலா. அன்றைக்கு மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டு இவள் கையால் சாப்பிட்டும் போனாள்.

வச்சலாவுக்குப் பெற்றவர்கள் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மகள் தெய்வநாயகி பெரியவளானபோது மாமன் சீர் செய்ய ஆளில்லாமல் முழித்தாள். சம்பத் தாமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். தாய்மாமன் மாலை போட்டார், புடவை வைத்தார், முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றிலிருந்து மகாபலிபுரத்து மீனவர் குப்பத்தில் அவர் வச்சலாவின் அண்ணன். இரவல் அண்ணன் என்று யாரும் நினைக்கவில்லை. அவரே மறந்துபோயிருந்தார்.

குப்பத்துக்குத் திரும்பும் மணல் பாதையில் கால் வைத்ததும் சம்பத்தின் நடை தயங்கியது. வச்சலா வீட்டு வாசலில் புதுசாகத் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலடியில் ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குக் காற்று இல்லை, கடலும் கொந்தளிக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக் கட்டுமரம் கடலில் இறங்காமல் கரையில் காய்ந்து கிடந்தது.

"என்ன விசேஷம்?" என்றாள் பிரபாவதி. "நமக்குச் சொல்லவே இல்லையே."

"பூவை உள்ள வெய்யி."

"என்ன?"

"தலையில இருக்கறதையும் எடு. எடுத்துடு பிரபா."

பந்தலிலிருந்து மாயவன் எழுந்து வந்தான். வச்சலாவின் கொழுந்தன். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். பழப்பையையும் பட்டுப்புடவை கட்டிய பிரபாவதியையும் பார்த்தான்.

"அண்ணன் பூட்டாரு," என்றான். "ஞாயித்துக்கெழம. தொழிலுக்குப் போயிட்டு வந்து கரையில குந்துனாரு. நாஸ்தா எடுத்துகினு அண்ணி போவுது, ஆளு சாஞ்சி கெடக்கறாரு."

காத்தவராயனா? வச்சலாவின் புருஷன், கல் மாதிரி இருந்த மனுஷன். சம்பத் அவன் தோளைப் பிடித்தார்.

"எங்களுக்குச் சொல்லி அனுப்பலையே மாயவா."

"அனுப்பாம? மாமன் மொறைக்காரங்களுக்கு ஆளவுடாம பொணத்த எடுப்பாங்களா? நாந்தான் வந்தேன். உன் கட பூட்டிக் கெடந்துது. பக்கத்துக் கடைக்காரன் சொல்றான், அவுரு வித்துட்டாரு, வூட்டையும் காலி பண்ணிட்டு சொந்த அண்ணன் வூட்டோட கீறாரு, கப்பலுக்குப் போறாருன்னு. எந்த அண்ணன், எந்தத் தெருன்னு அவனுக்குத் தெரில. உன்னத் தேடிகினு இருந்தா பொணம் தாங்குமா? திரும்பி வந்துட்டேன்."

சம்பத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணிகிட்ட நா சொல்லல," என்றான் மாயவன், குரலைத் தாழ்த்தி. "ஆளு ஊர்ல இல்லன்னேன். அது வாசலயே பாத்துகினு கீது. இன்னா அண்ணாத்த, சொல்லாமயே ஏறிடலாம்னு பாத்தியா?"

"சொல்லத்தான் வந்தோம்."

"நல்லா வந்த."

சம்பத் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பூவை வாங்கிக்கொண்டு அவன் பந்தலுக்குத் திரும்பினான்.

பிரபாவதி உள்ளே நுழைந்ததும் பெண்கள் குரலெடுத்தார்கள். துக்கத்துக்கு வந்தவள் உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழ வேண்டும். அவளுக்கு அந்த முறை தெரியாது. பையோடு அப்படியே நின்றாள். மூலையில் சுவரோடு சாய்ந்திருந்த வச்சலா நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் குங்குமம் இன்னும் இருந்தது, தாலியும் இருந்தது. கருமாதியன்றைக்குத்தான் அதெல்லாம் போகும்.

"வந்துட்டியா அண்ணி," என்றாள்.

அவ்வளவுதான். முறையாவது ஒன்றாவது. பிரபாவதி பையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். காத்தவராயனுக்காக அழுதாள், வெள்ளிக்கிழமைக்காகவும் அழுதாள். எது எதற்கு என்று பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியாது.

அழுகை ஓய்ந்தபோது காத்தவராயனின் சித்தி ஞானம்மாள் கீழே கிடந்த பையை ஓரமாக நகர்த்தினாள். உள்ளே இருந்தது சரிந்து வெளியே வந்தது. பழம், வெற்றிலை, அரக்குப் பட்டு. பூவை சம்பத் வெளியிலேயே மாயவன் கையில் கொடுத்திருந்தார், தெய்வாதீனம்.

பிரபாவதிக்கு உடம்பு கூசிப்போனது. சாவு வீட்டுக்குப் பட்டுப்புடவையும் வெற்றிலை பாக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோமே, என்ன நினைப்பார்கள் என்று பதறினாள். வாயைத் திறப்பதற்குள் ஞானம்மாள் புடவையை இரண்டு கையாலும் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி காட்டினாள்.

"பாருங்கடி. பொறந்த வூட்டுக் கோடி வந்துட்ச்சி. யாரு வருவா, யாரு போடுவான்னு பேசினீங்களே. பட்டா கொண்டாந்துகீறான் அவ அண்ணன்."

தாலி வாங்கும் நாளில், அதாவது கருமாதியன்றைக்கு, பிறந்த வீட்டார் புதுப்புடவை கொண்டுவந்து அந்தப் பெண்ணுக்குப் போட வேண்டும். கோடி போடுவது என்பார்கள். புருஷன் போனாலும் உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று ஊர் பார்க்கச் சொல்கிற முறை அது. கோடி வராதவளை அனாதை என்று ஊர் சொல்லும். சொன்னதை மறக்கவும் மறக்காது. மூன்று நாளாக அந்தக் குடிசையில் இதுதான் பேச்சு.

"அது வந்து..." என்றாள் பிரபாவதி.

வச்சலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் அரிந்து அரிந்து காய்த்துப்போன கை.

"எனக்கு வேற யாரும் இல்ல அண்ணி. அவுரு பூட்டாரு. சரி. அதுக்கு மேல அனாதின்னு பேரு வாங்கினு இந்த ஊர்ல எப்டி கூடைய தூக்கறது? என் பொண்ண எவன் கேட்டு வருவான்? நீ வருவேன்னு எனக்குத் தெரியும். இவளுங்கதான் இன்னா இன்னாவோ பேசிகினு இருந்தாளுங்க."

"புடவையை இப்பவே குடுத்துட்டா ஆகாதா?" பிரபாவதி ஞானம்மாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"குடுத்துட்டுப் போறதுக்கு அது இன்னா கூலியா? கருமாதி அன்னிக்கு ஆளு வந்து போடணும். அண்ணங்காரன் கொண்டாரணும், அண்ணிக்காரி தோள்ல போடணும். ரெண்டுல ஒர்த்தராவது நிக்கணும்ல? அடுத்த வாரம் முடிஞ்சி வருது. இத எடுத்துகினு போ, அன்னிக்கு மொறையா தட்டுல வெச்சி கொண்டா."

வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்த சம்பத்துக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஓலைத் தடுப்புதானே. மாயவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்பத் மணலைப் பார்த்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. இதோ இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பிரபாவதி காலையிலிருந்து ஒத்திகை பார்த்தது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் அழாமல் இருப்பது என்று அத்தனையும் யோசித்து வைத்திருந்தாள். துக்க வீட்டில் வரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எழுந்து பேசாமல் போக வேண்டும். அவள் எழுந்தாள். தெய்வநாயகி அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள். வச்சலா தலையைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் முறைதான்.

சம்பத் உள்ளே வந்து நின்று தங்கையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் திரும்பி நடந்தார்.

பஸ் நிற்கும் இடத்தில் வெள்ளைக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கிக் கல் கோபுரத்தைப் படம் பிடிக்க ஓடினார்கள். இரண்டு பேரும் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். சம்பத்தான் ஆரம்பித்தார்.

"நான் இருந்துடறேன். நீ போ."

"பெர்மிட்டு?"

"போனா போவுது. அவ முகத்துல முழிக்காம அங்க போய் என்ன வாழப்போறேன்?"

பிரபாவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருஷமாகப் பார்க்காத ஒரு தெளிவு அந்த முகத்தில். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு இங்கயே இருக்கணும். கடையைப் பூட்டினதுல இருந்து ஒரு சாக்கு தேடிட்டு இருந்தீங்க. பாவம், அந்தப் பொண்ணோட தாலிதான் உங்களுக்குச் சாக்கா கிடைச்சுதா?"

சம்பத் இல்லை என்று சொல்லவில்லை. "பொய் சொல்ல மாட்டேன். கேட்டதும் மனசு ஒரு பக்கம் லேசாச்சு," என்றார். "அதுக்காக அவளை நினைச்சு அழலேன்னு அர்த்தம் இல்ல."

"ராஜா உங்களுக்காக எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினான்? அப்பா வரலேன்னா அவன் தாங்குவானா? இந்த வெள்ளிக்கிழமையை விட்டா நீங்க அவனைப் பாக்கவே முடியாது. அவன் பிள்ளையையும் பாக்க முடியாது."

"அப்ப கோடி?"

பிரபாவதி கிள்ளானில் மருமகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நினைத்தாள். வெந்நீர் வைக்கவும் மருந்து அரைக்கவும் பக்கத்தில் மனுஷி வேண்டும். முதல் அழுகையைக் கேட்க வேண்டும் என்று எத்தனை ஆசை. அதுவும் போயிற்று. யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டத் தகுந்த ஆள் ஒருவரும் கண்ணில் படவில்லை.

"அந்தக் கிழவி என்ன சொல்லிச்சு? ரெண்டுல ஒருத்தர் நின்னா போதும்னுதான? தோள்ல போடறது அண்ணி கை," என்றாள். "எனக்கு எந்தக் கப்பலும் ஒண்ணுதான். நீங்க வெள்ளிக்கிழமை ஏறுங்க. நான் இருந்து போட்டுட்டு வரேன்."

சம்பத் அவளையே பார்த்தார். நாலு வருஷமாக ஊருக்குப் போகணும் ஊருக்குப் போகணும் என்று உயிரை எடுத்தவள். "உனக்கு வேணாம் பிரபா," என்றார். "நீ எவ்வளவு நாளா..."

"ஆமா. எவ்வளவு நாளாவோ. இப்ப அதைப் பேசாதீங்க, அழுதுடுவேன்."

"ராஜா கேப்பானே. பிரசவத்துக்குக் கூட வராம அம்மாவுக்கு அங்க என்ன வேலைன்னு."

"அத்தை வீட்டுல துக்கம்னு சொல்லுங்க."

"எந்த அத்தைன்னு கேப்பான்."

"உங்கம்மாவுக்கு இருக்கறது ஒரே ஒரு நாத்தனார்டான்னு சொல்லுங்க."

செங்கல்பட்டு பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது. கூட்டம் முண்டியடித்தது. பிரபாவதி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்படியில் ஏறி, ஜன்னலோரமாக இரண்டு இடம் பிடித்தாள். சம்பத் ஏறவில்லை. கம்பியைப் பிடித்தபடி கீழேயே நின்று குப்பத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"ஏறுங்க," என்றாள் பிரபாவதி ஜன்னல் வழியாக.

"நீ அவகிட்ட அப்புறமா சொல்லிப்பே," என்றார் சம்பத். "நான் எப்ப பிரபா சொல்லிக்கறது?"